டிரம்முக்கு ஒரு மூடி

அறுபதுகளில் அம்மா கல்யாணமாகி தாராவிக்கு வந்தபோது இருந்த குழாயடியைக் குட்டி மாடலாகச் செய்துகொண்டிருக்கிறேன்.

இன்று காலை, விரல் உயர டிரம்மில் காய்ந்தால் கண்ணாடிபோல் இறுகும் ரெசினை விளிம்பு வரை ஊற்றினேன். அசல் குழாய்த் தண்ணீராகத் தெரிய, துளி பழுப்பு நிறம் கலந்திருந்தேன்.

"காயற வரைக்கும் தொட்ராதம்மா" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் போனேன்.

திரும்பி வந்தால், டிரம்மின் மேல் மாத்திரை டப்பா மூடி. ரெசினோடு இறுகிப்போய்விட்டது. பெயர்த்தால் டிரம்மே உடையும்.

"என்னம்மா இது?"

"நான் தண்ணியத் தொடவே இல்லல. பிடிச்சு வச்சத யாராவது தொறந்து போடுவாவளா? தூசி விழும்லா!"

மாடலைப் பார்க்க வருகிறவர்கள் தண்ணீர் எங்கே என்று கேட்காதீர்கள். உள்ளே இருக்கிறது. அம்மா மூடி வைத்திருக்கிறாள்.