டேங்கில் ஊற்றிய தீர்த்தம்

பிள்ளைகளே, இன்று காலை வேங்கிக்கால் சாலையில் ஒரு பழைய பைக் ‘டமார்’ என்று புகைக்குழாயில் வெடிச்சத்தம் போட்டு நின்றது. பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு மறுபடியும் எட்டு வயதாகிவிட்டது.

அப்போது என் அப்பா, கீழ்பென்னாத்தூர் நண்பர் முனுசாமி மாமாவிடம் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றினார். சாமி வண்டிக்குள்ளேயும் இருக்கட்டும் என்று, கோயில் தீர்த்தத்தை நான் யாருக்கும் தெரியாமல் பெட்ரோல் டேங்கில் ஊற்றினேன்.

மறுநாள் வண்டி அடிக்கடி நின்றது, வேட்டுப் போட்டது. அப்பா பிளக்கைத் துடைத்தார். கார்பரேட்டரைக் கழற்றினார். கிண்ணத்தில் வடித்த பெட்ரோலுக்கு அடியில் தண்ணீர் தனியாக நின்றது. மாமாவை வரவழைத்தார்.

“தண்ணி கலந்த வண்டிய என் தலையில கட்டிட்டியேடா!”

“அண்ணாமலையார் சத்தியமா எனக்குத் தெரியாதுப்பா.”

“சாமிய ஏன் இழுக்கற? இனிமே என் வூட்டு வாசப்படிய மிதிக்காத.”

அடிக்குப் பயந்து நான் பேசாமல் நின்றேன். டேங்கைக் கழுவியதும் வண்டி நன்றாக ஓடியது. மாமாதான் வரவில்லை.

அப்பா இறந்தபோதுதான் மாமா வந்தார். தெருவிலேயே நின்று மாலையை என்னிடம் நீட்டினார்.

“உள்ள வாங்க மாமா.”

“உங்கப்பன் மிதிக்காதன்னு சொல்லிட்டான்பா.”

அன்றும் நான் உண்மையைச் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.