மிஷின் சத்தத்தில் பாடியவள்

மிக்சியில் சட்னி அரைத்துக்கொண்டே பாடினேன். உச்சத்தைத் தொடும்போது கரண்ட் போனது. சட்டென்று வாயை மூடினேன். மண்ணரையில் குடியிருந்தபோது வந்த பழக்கம் இது.

அப்போது ஏழாம் வகுப்பு. பள்ளி விட்டதும் அம்மா தைக்கும் பனியன் கம்பெனியில் போய் உட்காருவேன். ஆண்டு விழாவில் பாட ஒரு காதல் தோல்விப் பாட்டை எடுத்திருந்தேன். சரணத்தின் கடைசியில் ஒரே மூச்சில் உச்சத்தில் நிற்க வேண்டும். தொண்டையால் கத்தாதே, வயிற்றில் மூச்சைப் பிடி என்று டிவி போட்டியில் சொல்வார்கள். வயிற்றை அழுத்திப் பாடிப் பார்ப்பேன். மிஷின் சத்தத்தில் எனக்கே கேட்காது. அதனால் கத்தினேன்.

ஒருநாள் கரண்ட் போய் எல்லா மிஷினும் நின்றன. என் கத்தல் மட்டும் கேட்டது.

“ஏனுங்க்கா, உங்க புள்ளைய ஊசி குத்திருச்சுங்களா?” என்றார் தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங் அண்ணன்.

“சும்மா கெட, ஏட்டி. மானம் போவுது” என்று அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். மற்றவர்கள் சிரித்ததை மறந்துவிட்டேன். அவள் சிரித்ததை இன்னும் மன்னிக்கவில்லை. மறுநாள் விழாப் பட்டியலில் என் பெயரை அடித்துவிடச் சொன்னேன்.

இன்று சிரித்துத் தொலைக்க அவளும் இல்லை. வீட்டில் நான் மட்டும்தான். இருந்தும் அந்த வரியை மறுபடி எடுக்க முடியவில்லை. மிக்சி மூடியைப் பிடித்தபடி, கரண்ட் வரட்டும் என்று நின்றேன்.