படிக்குப் படி குனிந்தபோது

எனக்குக் கிளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுகிற நோய். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வலி இல்லை, சிவப்பு இல்லை. கண்ணாடியில் பார்த்தால் நல்ல கண்தான். அதனால்தான் பயம். நேற்று இருந்ததில் இன்றைக்கு எவ்வளவு போயிற்று என்று யார் சொல்வார்கள்? காலையில் எழுந்ததும் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு முருகன் படத்தின் முன் நிற்பேன். முகத்தை விட்டுப் பார்வையை எடுக்காமல், ஓரத்து மயில் தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரிந்தால்தான் அன்றைக்குச் சோறு இறங்கும்.

அந்தப் பயத்தில் சாமுண்டித் தாயிடம் வேண்டிக்கொண்டேன். கீழிருந்து மலையுச்சி வரை ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைக்கிறேன், மிச்சப் பார்வையை விட்டுவை தாயே என்று. மைசூரில் பெண்கள் வழக்கமாகச் செய்கிற வேண்டுதல்தான். தலையைத் தொங்கப்போட்டு அதிகநேரம் குனியக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அது துணி துவைக்கிறதுக்கும் வீடு துடைக்கிறதுக்கும் சொன்னது, சாமி காரியத்துக்கு இல்லை என்று நானே வைத்துக்கொண்டேன்.

தாய்க்கு விசேஷமான ஆஷாட மாதத்து வெள்ளிக்கிழமை காலையில் புறப்பட்டோம். வீட்டுக்காரர் கொத்து மேஸ்திரி, வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தார். அவர் மஞ்சள் குங்குமத் தட்டைப் பிடிக்க, நான் குனிந்து குனிந்து வைத்துக்கொண்டே ஏறினேன். பாதி மலைகூட ஏறவில்லை, புருவத்துக்கு மேலே கனத்தது. வெயிலா, களைப்பா, அழுத்தமா? நிறுத்தினால் தாய் கோபிப்பாளோ, நிறுத்தாவிட்டால் கண் போய்விடுமோ? அடுத்த படிக்குக் குனிந்தேன்.

"ஏ புள்ள, நில்லு. திரும்பிக் கீழ பாரு" என்றார் வீட்டுக்காரர்.

பார்த்தேன். நடுவில் வைத்ததாக நினைத்த பொட்டெல்லாம் போகப் போக, ஏறுகிற திசைக்கு வலது பக்கமாக ஒதுங்கி வந்திருந்தது. படியின் இடப்பக்கம் எனக்கு இல்லாமலே போயிருக்கிறது.

பின்னால் வந்த கன்னடத்து அம்மா ஒருத்தி, "யாக்கே அக்கா, ஏன் நின்னுட்டீங்க? சுஸ்தா, களைப்பா?" என்று கேட்டாள்.

"தலை கனக்குதுங்க" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"குனியாதேன்னு அந்த டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களே! இந்தா, இதைப் பிடி." தட்டை என் கையில் திணித்துவிட்டு மஞ்சளை அள்ளினார்.

"ஆம்பள வைக்கலாமுங்களா? வேண்டிக்கிட்டது நானு."

"உன் கண்ணு உனக்கு மட்டுமா? சிமெண்ட் பூசற கை இது. உன்னைவிட நேரா வைப்பேன்."

அந்த அம்மா சிரித்துவிட்டாள். "வைக்கட்டும் அக்கா, தாயி ஒண்ணும் அன்னல்ல, சொல்லமாட்டா. எங்க வீட்டாளு தேங்காய்கூட தூக்க மாட்டான்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேண்டுதலைப் பாதியில் கை மாற்றினால் பலிக்குமா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அவர் குனிந்து, படியின் நட்டநடுவில் மஞ்சளைத் தடவிக் குங்குமம் வைத்தார். நான் தட்டோடு நிமிர்ந்து நின்றேன். தாயே, இவர் கையை என் கையாக எடுத்துக்கொள் என்றேன். எடுத்துக்கொண்டாளா தெரியவில்லை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அடுத்த படியில் கால் வைத்தேன்.