கடைத்தெருவில் ஒரு பந்தல்

போடிமெட்டுக்குப் போகும் பஸ்சுக்காகப் போடிக் கடைத்தெருவில் நிற்கிறேன். சித்திரை மாதத்து உச்சி வெயில். ஏலக்காய் மண்டிகளுக்கு முன்னால் தெருவின் இரு பக்கமும் மூங்கில் ஊன்றி, குறுக்கே தென்னங்கீற்றுப் பந்தல் போடுகிறார்கள். திருவிழாவா என்று சோடாக் கடைக்காரரிடம் கேட்கிறேன்.

"இல்லண்ணே. போன வாரம் மூடை தூக்குன ஆளு ஒருத்தரு வெயில்ல சுருண்டு விழுந்து செத்துப்போனாரு. பந்தல் போடுங்கன்னு சுமைக்காரங்க ரெண்டு கோடையாக் கேட்டாங்க. இப்பத்தேன் மொதலாளிமாருக்கு மனசு வந்திருக்கு."

மண்டியில் காய் பொறுக்கும் பெண் ஒருத்தி வெளியே வந்து, வெறுங்காலோடு வெயிலில் நின்று பார்க்கிறாள். செத்தவரின் தங்கை என்று கடைக்காரர் மெதுவாகச் சொல்கிறார்.

அவள் ஏணியில் நிற்பவரைக் கூப்பிடுகிறாள்.

"அண்ணே, இன்னும் ரெண்டு கீத்து மேக்க தள்ளிப் போடுங்க. எங்கண்ணன் விழுந்த எடத்துல இன்னும் வெயில் அடிக்கிது."

அவர் இறங்கி, ஏணியை மேற்கே நகர்த்திப் போட்டு, மறுபடியும் ஏறிக் கீற்றுகளைக் கட்டுகிறார்.

நிழல் விழுந்ததும் அவள் அந்த இடத்தில் போய் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறாள். சுமைக்காரர்கள் முதுகில் மூடைகளோடு அவளைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். எழுந்திரு என்று யாரும் சொல்லவில்லை.