ஞானமுத்து இல்லாமல் கேட்ட ஞானமுத்து குரல்

சிரிப்பதானால் இப்போதே சிரித்துவிடுங்கள். தஞ்சாவூரில் வீடியோ கடையை வேண்டுமென்றே ராகுகாலத்தில் திறந்தவன் நான். கறுப்புச் சட்டைக்காரன். எனக்குச் சாமியும் கிடையாது, பேயும் கிடையாது. ஆனால் என் கையால் எடுத்த கேசட்டில் இருந்ததை நானே எப்படி இல்லை என்பேன்?

வீடியோ கேமரா புதிதாக வந்திருந்த நேரம். திருவையாறு பக்கம் ஒரு கிராமத்துச் சர்ச்சில், பெரிய வெள்ளி மதியம் இயேசு பட்ட பாடுகளை நாலு குரலில் இரண்டு மணி நேரம் பாடுவார்கள். அதைப் படமெடுக்கக் கூப்பிட்டார்கள். இயேசு பேசுகிற இடமெல்லாம் ஞானமுத்து என்ற குத்தகை விவசாயிக்கு, அப்படியொரு கனத்த குரல் அவருக்கு. அந்த வருஷம் ஆள் இல்லை. அவருடைய குத்தகை நிலத்தில் பண்ணையார் வெளியாட்களை அறுப்புக்கு இறக்க, கைகலப்பாகி, போலீஸ் அவரை அள்ளிக்கொண்டு போய்விட்டது. எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. அடித்தே கொன்றுவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு.

அந்தப் பாட்டுக் குழுவில் ஒரு வழக்கம். ஆள் செத்தால்தான் அவர் பாட்டு அடுத்தவருக்குப் போகும். அதுவரை அந்த இடத்தில் ஆர்மோனியம் மட்டும் ஓடும்.

“வேற ஆளுக்குக் குடுத்துரலாமாம்மா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார் பாட்டு வாத்தியார்.

“குடுத்தா அவரு செத்துட்டாருன்னு நீங்களே சொன்ன மாதிரி ஆயிடும் சார்” என்றார் ஞானமுத்துவின் மனைவி ஜெயசீலி. அவரும் குழுவில் பாடுகிறவர்தான். ஞானமுத்து நிற்கும் இடத்தைக் காலியாக விட்டே பாடினார்கள். நான் காதில் ஹெட்போன் மாட்டியிருந்தேன், அந்த இடங்களில் ஆர்மோனியம் தவிர ஒன்றும் கேட்கவில்லை. சத்தியமாக!

மறுநாள் காலை வாத்தியாருக்கும் ஜெயசீலிக்கும் கடையில் போட்டுக் காட்டினேன். நம்பினால் நம்புங்கள், காலி இடத்திலிருந்து ஞானமுத்துவின் குரல் வருகிறது! புதுக் கேசட், நானே பிரித்தது. வாத்தியார் சிலுவை போட்டுக்கொண்டு, “அப்ப ஞானமுத்து போயிட்டான்” என்று அழ ஆரம்பித்துவிட்டார்.

ஜெயசீலி மட்டும் டிவியை ஒட்டி உட்கார்ந்து, அழுகையும் சிரிப்புமாக, “நல்லா கேளுங்க சார், நடுவுல இருமுறாரு. செத்தவங்களுக்கு இருமல் வருமா?” என்றார்.

சிலுவையில் இயேசு தாகம் என்று சொல்கிற இடத்தில் அந்தக் குரல் பாதியில் நின்றது. ‘டங்’ என்று இரும்புச் சத்தம். மைக் ஸ்டாண்டு தட்டியிருக்கும் என்றேன். யார் கேட்டார்கள்? ஜெயசீலி அன்றே வக்கீலோடு கிளம்பிவிட்டார். ஒவ்வொரு ஸ்டேஷனாக ஏறி இறங்கி, கடைசியில் ஆளை உயிரோடு கண்டுபிடித்துவிட்டார்!

ஜாமீனில் வந்த ஞானமுத்து என் கடையில் கேசட்டைப் பார்த்தார். “வெள்ளிக்கிழமை மத்தியானம் லாக்கப்புல தண்ணி கேட்டேன், தரல. அதான் அந்த இடத்தைப் பாடினேன்” என்றவர், சட்டையை விலக்கி இடது தோளைக் காட்டினார். ஆறாத காயம். “லத்தியால மொத அடி லாக்கப் கம்பியில. ரெண்டாவது இங்க.”

கேசட்டில் ஒரு சத்தம்தானே இருக்கிறது என்று திரும்ப ஓட்டினேன். அப்போதுதான் கவனித்தேன். ‘டங்’ என்ற மறுநொடி, வரிசையில் நின்றவர்களில் ஜெயசீலி மட்டும் துள்ளி, தன் இடது தோளைப் பிடித்துக்கொள்கிறார்.

“எனக்கு அப்படி ஒண்ணும் ஞாபகம் இல்லண்ணே” என்கிறார் இன்றைக்கும்.