எந்தத் திகதியிலிருந்து மனைவி

மெல்பேர்னுக்கு நான் வந்தது மாணவரின் மனைவியாக. விசாவில் அப்படித்தான் போட்டிருக்கிறது. கணவர் முதுகலை படித்தார். நான் ட்ருகனினாவில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கினேன். சம்பளத்தில் கிழமைக்குக் கிழமை வரி கழிந்துகொண்டிருந்தது. எங்களைப் போன்ற மாணவக் குடும்பங்களுக்கு மெடிகெயர் என்கிற மருத்துவ வரியில் விலக்கு உண்டு என்று கூட வேலை செய்தவள் சொன்னாள். பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பில், ஒருவரிடமும் கேட்காமல் நானே ஃபோனில் வரிப் படிவத்தை நிரப்பினேன்.

அதில் ஒரு கேள்வி. இந்த வரி ஆண்டில் எந்தத் திகதியிலிருந்து உங்களுக்குத் துணைவர் இருக்கிறார்? நான் யோசிக்கவே இல்லை. தை மாதம் தாலி கட்டிய திகதியைப் போட்டேன்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் வெளிநாட்டுக்குப் போகிற சோடி என்றால் முதலில் எழுத்து. பதிவுகாரர் வீட்டுக்கு வந்து இருவரிடமும் கையெழுத்து வாங்குவார். அந்தச் சான்றிதழை வைத்து விசாவுக்குப் போடுவார்கள். தாலி பிறகு, நல்ல நாள் பார்த்து. எங்களுக்கு ஆவணியில் எழுத்து முடிந்தது. அடுத்த ஐந்து மாதமும் அவர் எங்கள் வீட்டு விறாந்தைக் கதிரையில் இருந்து, அப்பாவோடு கதைத்து, தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். அந்த ஆளைக் கணவர் என்று நான் எப்படி எழுதுவது? அவரோ தன் படிவத்தில் ஆவணியைப் போட்டிருந்தார்.

இரண்டு வருடம் கழித்து விசாவை நீட்டிக்க வேண்டி வந்தது. ஒருவரை ஒருவர் துணைவர் என்று காட்டியதற்குச் சாட்சியாக இருவரின் வரிப் படிவங்களையும் இணைக்கச் சொன்னார் விசா முகவர். இணைத்தேன். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டேன். திகதிகள் ஒத்துவரவில்லை, இது உண்மையான திருமணம்தானா என்று குடிவரவுத் துறையிடமிருந்து கடிதம் வந்தது. இருபத்தெட்டு நாளில் பதில் வேண்டுமாம். எனக்கு விசா மறுத்தால் கணவர் இங்கே இருந்து படிப்பார், நான் விமானம் ஏற வேண்டியதுதான்.

"எழுத்து முடிஞ்சால் கலியாணம் முடிஞ்சதுதானே. ஆரைக் கேட்டுத் தையைப் போட்டனீர்?" என்று கணவர் பாய்ந்தார்.

"அப்ப ஆவணியில உங்கட அம்மாட்டப் போய், இவ என்ர மனுசி எண்டு சொன்னனீங்களோ?"

அவர் எழும்பிப் போய் முகவருக்கு ஃபோன் எடுத்தார்.

ஆவணியிலிருந்தே நாங்கள் புருசன் பெண்சாதி என்று பெற்றோர் எழுதித் தந்தால் நல்லது என்றார் முகவர். அப்பா ஓய்வுபெற்ற தபால் அதிபர். கடிதம் எழுதுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. துறையின் கடிதத்தை அவருக்கு அனுப்பிவிட்டு ஃபோன் எடுத்தேன். தாலி ஏற முதலே நான் இவருடைய மனைவியாக இருந்தேன் என்று எழுதுங்கள் என, பெற்ற தகப்பனிடம் எந்த வாயால் கேட்பது? வெட்கம் பிடுங்கித் தின்றது.

"உள்ளதை எழுதுங்கோ அப்பா. எழுத்து எப்ப, தாலி எப்ப எண்டு எழுதினால் காணும்."

"ஓம் பிள்ளை. நீ ஒண்டுக்கும் யோசியாத. வடிவா எழுதுறன்."

நாலாம் நாள் வாட்சப்பில் கடிதத்தின் படம் வந்தது. திருத்தமான ஆங்கிலம். கீழே சமாதான நீதவானின் முத்திரை. எழுத்து நடந்த நாள் முதல் தாலி கட்டும் நாள் வரை என் மகள் என் வீட்டில், என் பாதுகாப்பில் இருந்தாள், மாப்பிள்ளை ஒரு நிமிடம்கூட அவளோடு தனித்து இருந்ததில்லை, இதைச் சத்தியமாக உறுதி கூறுகிறேன் என்று எழுதியிருந்தார். அவருக்குத் தெரிந்த மிகப் பெரிய நற்சான்றிதழ் அதுதான்.

இதை யாருக்கும் காட்ட வேண்டாம், வேறு எழுதுவோம் என்று சொல்ல உடனே அழைத்தேன். அவர் என்னைக் கதைக்க விடவில்லை.

"பாத்தியே பிள்ளை? உனக்கு அலைச்சல் வேண்டாம் எண்டு, அந்தக் கடிதத்தில இருந்த ஈமெயிலுக்கு நேரவே அனுப்பிப் போட்டன். இனி உன்னை ஒருத்தரும் ஒரு சொல்லுச் சொல்லேலாது."

"ஓம் அப்பா" என்றேன்.