மரவள்ளிப் பானையின் மூடி

கூப்பன் அரிசிக் காலம் அது. யுத்தம் எங்கேயோ நடந்தது. எங்கள் ஊரான குருக்கள்மடத்தில் அடுப்புகளில் மரவள்ளிக்கிழங்கு வெந்தது. நான் விஞ்ஞானம் படிப்பிக்கும் மாஸ்டர். கொழும்பில் படித்துவிட்டு வந்த திமிர் வேறு. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. திமிரைத் திமிர் என்றுதானே சொல்லவேண்டும்?

வேலிக்கு அடுத்த வீட்டு அக்காவுக்கு ஒரே மகள், ஆறு வயது. அக்காவின் புருஷன் கரடியனாற்றில் வயலோடு கிடப்பார். ஒருநாள் அந்தப் பிள்ளை கிழங்கு தின்ற வாயோடு வந்து எங்கள் வீட்டில் இஞ்சித் தேத்தண்ணீர் குடித்துவிட்டது. அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

“ஐயோ மாஸ்டர், மரவள்ளிக்கு மேல இஞ்சி குடிச்சா நஞ்சாப் போகுமே!”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். “இஞ்சி என்ன பாவம் செஞ்சது அக்கா? அதெல்லாம் பழைய கதை. புள்ளைக்கு ஒண்டும் வராது.”

“அப்ப, மூடியத் திறந்து அவிச்சி, தண்ணிய ஊத்திப்போடச் சொல்றதும் கதையா?”

அது கதையல்ல. கிழங்கின் நஞ்சு ஆவியோடும் தண்ணீரோடும்தான் போகும். எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஒரு வாதத்தில் வென்றவனுக்கு அடுத்ததில் இறங்கிப்போக மனம் வரவில்லை.

“அதுவும் கதைதான். மூடி அவிங்க, விறகு மிச்சம்” என்றேன்.

பிள்ளைக்கு அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்கா என்னை நம்பிவிட்டார்.

ஒரு மாதம் போயிருக்கும். கிழங்கு கொஞ்சம் கைத்தது என்று சொல்லிச் சொல்லியே பிள்ளை தின்றதாம். மத்தியானத்துக்குள் சுருண்டு விழுந்துவிட்டது. மாட்டுவண்டியில் போட்டுக்கொண்டு மருந்துச்சாலைக்கு ஓடினோம். அப்போதிக்கரி ஐயா பிள்ளையின் இமையைத் தூக்கிப் பார்த்துக் குழம்பினார்.

“மூச்சுக்கு இப்பிடி அடிச்சிக்கிது. ஆனா முகம் நீலிக்கல்ல, சிவந்துதானே கிடக்கு?”

எனக்கு உடனே விளங்கிவிட்டது. வகுப்பில் நானே படம் கீறிப் படிப்பித்த பாடம். நாம் தின்றதன் சத்து உயிரணுவுக்குள் இலத்திரன்களாகக் கைமாறிக் கைமாறிப் போய், கடைசியில் ஒட்சிசனிடம் சேரவேண்டும். அறுத்த நெல்லைப் போராக அடுக்கிச் சூடு வைக்கும்போது கதிர்க்கட்டு கைமாறி மேலே போவதைப்போல. மேலே நிற்கும் கடைசி ஆளின் கையைச் சயனைட்டு கட்டிப்போடும். பிறகு வரிசை முழுக்கக் கட்டோடு அப்படியே நிற்கும். காற்று உள்ளே போகும், இரத்தம் அதைச் சுமக்கும், வாங்கத்தான் ஆளில்லை. அதனால்தான் இரத்தம் சிவப்பு மாறாமலே திரும்புகிறது.

“இஞ்சிதான்! நேத்துக் குடுத்த இஞ்சிதான்!” என்று அக்கா மாரில் அடித்துக்கொண்டார். வண்டியோடு வந்த சனமும் இஞ்சியைத் திட்டியது. நான் வாயைத் திறக்கவில்லை. அவர்கள் திட்டி ஓயும்வரை, அந்தப் பிள்ளை மூச்சுக்குத் தவிக்கத் தவிக்க, மரம்போல நின்றேன். சீ!

பிறகுதான் அப்போதிக்கரி ஐயாவின் காதோடு, “கிழங்கில சயனைட்டு இருக்கும் ஐயா” என்றேன். அவர் நெஞ்சு நோவுக்கு வைத்திருந்த நைத்திரைற்றுக் குப்பியைத் துணிக்குள் உடைத்துப் பிள்ளையின் மூக்கில் பிடித்தார். அது இரத்தத்தில் ஒரு பங்கை மாற்றி, நஞ்சைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். பின்னேரம் பிள்ளை தண்ணீர் கேட்டது. “மாஸ்டர் சொன்னதாலதான் மருந்து புடிபட்டது” என்று மட்டும் அப்போதிக்கரி ஐயா அக்காவிடம் சொன்னார்.

“மாஸ்டர்தான் என்ட புள்ளையக் காப்பாத்தினவர்” என்று அக்கா ஊரெல்லாம் சொன்னார். களப்பு மீன் வாங்கினால் எங்களுக்கும் ஒரு பங்கு வரும். நான் வாங்கினேன், தின்றேன்.

ஒருநாள் வேலியால் எட்டிப் பார்த்தேன். அக்காவின் அடுப்பில் மரவள்ளி வெந்துகொண்டிருந்தது.

“இஞ்சிய வீட்டுப் பக்கமே எடுக்கிறல்ல மாஸ்டர்” என்று சிரித்தார்.

பானை மூடியிருந்தது.

படலையைத் தள்ளிக்கொண்டு ஓடிப்போய், கை சுடச்சுட மூடியைத் தூக்கி எறிந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். நான் பொய் சொன்னது, மருந்துச்சாலையில் ஊமையாக நின்றது, எல்லாம்.

அக்கா ஏசவில்லை. “மூடி அவிக்கச் சொன்ன அண்டைக்கே தெரியுமா?” என்று மட்டும் கேட்டார்.

“ஓம்.”

பிள்ளை வழமைபோல என் கையைப் பிடிக்க ஓடிவந்தது. அக்கா அதன் தோளைப் பிடித்துத் தன் பின்பக்கமாக இழுத்துக்கொண்டார்.